முகாமுக்கு ஸ்பான்சர் கேட்டு மெசேஜ் வந்திருக்கா? பணம் அனுப்பும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க!

"அக்கா, மே மாசம் நம்ம சர்ச்ல வாலிபர் முகாம் இருக்கு. உங்களால முடிஞ்சதைப் பண்ணுங்க." கீழே ஒரு க்யூஆர் கோடு. அதுக்கும் கீழே கைகூப்பும் எமோஜி.

சொந்த ஊர்ல ஒரு சர்ச்சும், வெளியூர்ல ஒரு வேலையும் இருக்கிற யாருக்கும் இந்த மெசேஜ் புதுசில்லை. சம்பளம் வந்த வாரம் என்றால் இரண்டாயிரம், மாசக் கடைசி என்றால் ஐநூறு. அனுப்பிவிட்டு, ஸ்க்ரீன்ஷாட் போட்டுவிட்டு, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பணம் எதற்குச் செலவாச்சு என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அந்த க்யூஆர் கோடு இரண்டு வருஷம் என் பேரில்தான் இருந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எங்க ஊர் சர்ச்சில், காலேஜ் படிக்கும்போது நான்தான் வாலிபர் ஐக்கியப் பொருளாளர்.

ஒரு வருஷத்துக் கணக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. முகாம் முடிந்த அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிஞ்சதும் மைக்கில் வாசித்தேன். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு ரூ.9,400. எல்லோரும் கை தட்டினார்கள். "இந்தப் பிள்ளைங்க பரவாயில்லையே, மிச்சம் பிடிச்சிருக்காங்களே" என்று கமிட்டித் தாத்தா ஒருவர் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த முகாமுக்குக் கட்டணம் ரூ.800. ப்ளஸ் டூ முடித்த ஒரு தம்பி, ஒவ்வொரு வாரமும் எங்களோடு பாட்டு பாடுறவன், வரவில்லை. "வேலை இருக்குக்கா" என்றான். அது உண்மைதான், அந்த லீவில் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். ஆனா அவன் அம்மா அந்த எண்ணூறு ரூபாய்க்கு இரண்டு வீட்டில் கேட்டுப் பார்த்தார் என்பது மூணு மாசம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விசாரித்தால், அவனைப் போல இன்னும் மூணு பேர். நாலு பேருக்கும் சேர்த்துக் கட்டணம் ரூ.3,200. நான் மைக்கில் வாசித்த மிச்சம் ரூ.9,400.

யாரும் திருடவில்லை. பில் எல்லாம் சரியாக இருந்தது. கூட்டல் கழித்தலில் ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனாலும் அது தப்பான கணக்கு. ஏன் தப்பு, எப்படிச் சரி பண்ணலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

(நீங்க சர்ச்சுக்குப் போகாதவரா? ஊர்க் கோயில் கொடைக்கோ, தெரு இளைஞர் மன்றத்துக்கோ வரி கொடுத்திருந்தாலும் தொடர்ந்து படிக்கலாம். பேர்தான் வேற, கணக்கு ஒண்ணுதான்.)

பணம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சர்ச்சின் வாலிபர் வேலைக்குப் பொதுவாக நாலு வழியில் பணம் வரும்.

முதலாவது, பதிவுக் கட்டணம். வருகிறவர்களே கட்டுவது.

இரண்டாவது, ஸ்பான்சர். வெளியூரில் சம்பாதிப்பவர்கள், ஊரில் கடை வைத்திருப்பவர்கள், கல்ஃபில் இருக்கும் அண்ணன்மார். 'ஒரு வேளைச் சாப்பாடு என் பொறுப்பு', 'பஸ் செலவு என் பொறுப்பு' என்று வரும்.

மூன்றாவது, இளைஞர்கள் தாங்களே திரட்டுவது. டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது வீடு வீடாக விழும் காணிக்கை, ஆராதனை முடிந்து வாசலில் போடும் ஃபுட் ஸ்டால், கேக் விற்பனை. தென் மாவட்டங்களில் அறுப்பின் பண்டிகை ஏலமும் உண்டு. ஒரு வாழைத்தாருக்கும் ஒரு சேவலுக்கும் கடைவிலையைவிடப் பல மடங்கு விலை ஏற்றிக் கேட்கும் அந்த ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்க ஊர்க்காரங்க கொடுக்கத் தயங்குறவங்க இல்லை.

நான்காவது, சர்ச் தன் பொது நிதியிலிருந்து ஒதுக்குவது. சங்கக் காணிக்கை, ஞாயிறு காணிக்கை, ஸ்தோத்திரக் காணிக்கை எல்லாம் சேரும் அந்தப் பெரிய கணக்கிலிருந்து வர வேண்டிய பங்கு.

இந்த நாலில் முதல் மூணும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலாவதுதான் நான் பார்த்த சர்ச்சுகளில் நொண்டுகிறது. பெயிண்ட் அடிக்க, சவுண்ட் சிஸ்டம் மாற்ற, காம்பவுண்டு சுவர் எழுப்ப எல்லாம் வருஷ ஆரம்பத்திலேயே வரி வரியாக எழுதிவிடுவார்கள். வாலிபர்களுக்கு மட்டும், "நீங்க முதல்ல சேருங்க தம்பி, குறைஞ்சா பார்த்துக்கலாம்."

இந்த 'பார்த்துக்கலாம்' என்பது பட்ஜெட் கிடையாது.

எங்கே போகிறது? ஒரு மாதிரிக் கணக்கு

60 பேர், மூணு நாள், இரண்டு ராத்திரி. கிராமத்து சர்ச் ஒன்று பக்கத்து மாவட்டத்தில் ஒரு முகாம் மையத்தை வாடகைக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட தொகைகள் இவை. உங்க ஊர் விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

- சாப்பாடு: ஒரு நாளைக்கு ஒருவருக்கு ரூ.250 வீதம் ரூ.45,000
- தங்குமிடம்: ஒரு ராத்திரிக்கு ஒருவருக்கு ரூ.150 வீதம் ரூ.18,000
- பஸ்: ரூ.16,000
- பேச வருபவர்களின் பயணமும் அன்பளிப்பும்: ரூ.10,000
- சவுண்ட், புரொஜெக்டர், அச்சு வேலை: ரூ.8,000
- டி-ஷர்ட்: ஒன்று ரூ.250 வீதம் ரூ.15,000

மொத்தம் ரூ.1,12,000. தலைக்கு ரூ.800 கட்டணம் வைத்தால் 60 பேரிடமிருந்து ரூ.48,000 வரும். மீதி ரூ.64,000 துண்டு விழும். சர்ச் ஒரு பத்தாயிரம் கொடுத்தால், ரூ.54,000-க்கு க்யூஆர் கோடு கிளம்பும்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, சில செலவுகள் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து ஏறி இறங்கும். சாப்பாடும் தங்குமிடமும் அப்படி. சில செலவுகள் அசையாது. பஸ்ஸில் 45 பேர் உட்கார்ந்தாலும் 60 பேர் உட்கார்ந்தாலும் வாடகை அதேதான். மைக் செட்டுக்காரரும் தலையை எண்ணிக் காசு வாங்குவதில்லை. டி-ஷர்ட்டை விட்டுவிட்டால், மேலே சொன்ன கணக்கில் ரூ.34,000 அசையாத செலவு. கூடுதலாக ஒருவர் வந்தால் ஆகும் செலவு சாப்பாட்டுக்கு ரூ.750, தங்க ரூ.300, ஆக ரூ.1,050.

அதாவது, கட்டணம் கட்ட முடியாத தம்பி வீட்டிலேயே இருந்துவிட்டால் முகாமுக்கு மிச்சமாவது வெறும் ரூ.1,050. அவனுக்கான பஸ் சீட்டுக்கும், மைக்குக்கும், பேச்சாளருக்கும் பணம் ஏற்கெனவே போயாச்சு. சீட் காலியாகப் போகும்.

இரண்டாவது, அந்த டி-ஷர்ட் வரி. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். செலவு ரூ.97,000. முதலுதவி, அவசர வண்டிக்கு ரூ.3,000 சேர்த்தால் ஒரு லட்சம். 60 பேரில் 15 பேருக்குக் கட்டணமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 45 பேர் கட்டுவது ரூ.36,000. துண்டு விழுவது? அதே ரூ.64,000.

அதே பணம்தான். ஒரு கணக்கில் 60 டி-ஷர்ட் கிடைக்கிறது. இன்னொரு கணக்கில் 15 பிள்ளைங்க பஸ் ஏறுறாங்க.

டி-ஷர்ட் பாவம் இல்லை. குரூப் போட்டோவில் எல்லோரும் ஒரே கலரில் நிற்கிறது எனக்கும் பிடிக்கும். என் அலமாரியில் இன்னும் இரண்டு இருக்கு, வீடு துடைக்கிற துணியாகப் போகிற வயசு வந்தாச்சு. ஆனா பட்ஜெட் என்பது எது முதலில், எது அப்புறம் என்று வரிசை போடுவது. அந்த வரிசையில் டி-ஷர்ட் மேலேயும், அந்தத் தம்பி பட்டியலிலேயே இல்லாமலும் இருந்தால், நாம எதை முக்கியமாக நினைக்கிறோம் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

"கேட்டா கொடுத்திருப்போமே!"

இதைச் சொன்னால் எல்லா ஊரிலும் வரும் பதில் இது. "காசு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே கட்டியிருப்போமே." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனா 17 வயசுப் பையன், தன் கூடப் படிச்சவங்க எல்லாம் பேர் கொடுத்த வரிசையில் நின்று, "எங்க வீட்டுல காசு இல்லை" என்று சொல்ல மாட்டான். 'வேலை இருக்கு' என்பான். 'எக்ஸாம் இருக்கு' என்பாள். நாமும் நம்பிக்கொள்வோம், நம்புவது வசதி.

அதனால் கேட்க வைக்கவே கூடாது. பதிவுப் படிவத்திலேயே மூன்று கட்டம் போடுங்கள்: முழுக் கட்டணம், பாதிக் கட்டணம், இந்த முறை இயலாது. எதை டிக் செய்தாலும் அடையாள அட்டை ஒரே மாதிரி, சாப்பாட்டு வரிசை ஒரே மாதிரி. யார் எதை டிக் செய்தார்கள் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். 'இவருக்கு இன்னார் ஸ்பான்சர்' என்று மேடையில் பேர் சொல்லி வாசிக்கும் பழக்கத்தை அன்றோடு நிறுத்த வேண்டும். கொடுத்தவருக்கு அது கைதட்டல். வாங்கிய பிள்ளைக்கு அது வேற மாதிரி கேட்கும்.

"சும்மா கொடுத்தா மதிப்பு தெரியாது", "வசதியானவனும் 'இயலாது'ன்னு டிக் பண்ணிடுவான்" என்பார்கள். ஒருத்தர் இரண்டு பேர் பண்ணலாம். அந்த இரண்டு பேருக்காகப் பத்துப் பேரை வாசலில் நிறுத்த வேண்டுமா?

பேனா யார் கையில்?

இன்னொரு வாதமும் உண்டு. அதில் நியாயமும் இருக்கு. "வாலிபர்கள் தாங்களே உழைத்துச் சேர்க்கட்டும், அப்போதான் பொறுப்பு வரும்."

ஃபுட் ஸ்டால் போட்டவர்களுக்குத் தெரியும், அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு. அறுபது பிளேட் பிரியாணி விற்று, கேஸ் காசும் இலைக் காசும் போக எவ்வளவு நின்றது என்று கணக்குப் போடுவது நல்ல பாடம்தான். என் ஆட்சேபம் சேர்ப்பதில் இல்லை. சேர்ப்பது ஒருவர், முடிவெடுப்பது இன்னொருவர் என்பதில். கேரல் ரவுண்ட்ஸில் பனியில் நடப்பது பிள்ளைகள். அந்தப் பையை எண்ணி, 'இதில் பாதி கட்டட நிதிக்கு' என்று சொல்வது பெரியவர்கள். பொறுப்பு வரணும்னா பேனாவும் கைக்கு வரணும்.

இது புதுமையான கோரிக்கையும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ வரலாற்றிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா, 1903-ல் நண்பர்களோடு சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒய்எம்சிஏ செயலாளராக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த இளைஞர். அந்தச் சங்கத்தின் அடிப்படையே, வேலை செய்வதும் இந்தியர், பணம் கொடுப்பதும் இந்தியர், நிர்வாகம் பண்ணுவதும் இந்தியர் என்பதுதான். வெளிநாட்டு மிஷன்களின் காசை எதிர்பார்த்திருந்த ஒரு காலத்தில், கொடுக்கும் கையும் முடிவெடுக்கும் கையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். 1912-ல் தோர்ணக்கல் பேராயரான அசரியாதான் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். அன்றைக்கு வெள்ளைக்காரரிடம் வைத்த அதே நியாயத்தை இன்றைக்குப் பெரியவர்களிடம் பிள்ளைகள் வைத்தால், அது மரியாதைக் குறைவு ஆகிவிடுமா?

கத்தோலிக்கர்கள் பக்கத்திலும் இதையே சொல்லியிருக்கிறார்கள். 2018 அக்டோபரில் வத்திக்கானில் இளைஞர்களைப் பற்றியே ஆயர் மாமன்றம் கூடியது. அதைத் தொடர்ந்து 2019-ல் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'கிறிஸ்துஸ் விவிட்' மடல், இளைஞர் பணியை நடத்துபவர்களே இளைஞர்கள்தான் என்று தெளிவாகச் சொல்கிறது. நடத்துபவர்களிடம் பட்ஜெட்டைக் காட்டாமல் எப்படி நடத்தச் சொல்வது?

அதனால் என் கருத்து இதுதான். வாலிபர் வேலைக்கு ஒரு தொகை, சர்ச்சின் வருஷ பட்ஜெட்டிலேயே ஒரு தனி வரியாக இருக்க வேண்டும். அது பெரிய தொகையாகத்தான் இருக்கணும் என்று இல்லை. ஆனா வருஷ ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முதல் உரிமை, கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு. இரண்டாவது உரிமை, பாதுகாப்புக்கு. மற்றதெல்லாம் அப்புறம்.

"ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கணும், விதவைகளுக்கு உதவணும், கூரை ஒழுகுது, எல்லாத்துக்கும் எங்கே போறது?" என்று கமிட்டி கேட்டால், அது நியாயமான கேள்வி. சிறிய சர்ச்சுகளின் நெருக்கடியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அப்படியானால் அந்தக் கணக்கை வாலிபர்கள் முன்னாலேயே விரித்து வைத்துப் பேசுங்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்தால், டி-ஷர்ட் வேண்டாம் என்று அவர்களே சொல்வார்கள்.

பாதுகாப்பு: யாரும் எழுதாத வரி

முகாமுக்கு வருபவர்களில் பலர் 18 வயதுக்குக் கீழே. போக்சோ சட்டம் வந்தது 2012-ல். ஆனாலும் பல முகாம் பட்ஜெட்டுகளில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு ஒரு ரூபாய்கூட இருக்காது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனித் தங்குமிடம், பெண் பிள்ளைகளோடு ராத்திரி தங்கப் பொறுப்பான அக்காமார் நான்கு பேர், முதலுதவிப் பெட்டி, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட ஒரு வண்டி, பெற்றோரின் கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதம். அந்த நான்கு அக்காமாரும் சாப்பிடணும், தங்கணும், பஸ் ஏறணும். அதற்குக் காசு ஒதுக்கவில்லை என்றால் நான்கு பேர் இரண்டாவார்கள், இரண்டு ஒன்றாகும். பட்ஜெட்டில் இல்லாத பாதுகாப்பு, முகாமிலும் இருக்காது.

கணக்கை எப்படிக் காட்டுவது?

என் பேரில் க்யூஆர் கோடு இருந்தது என்று சொன்னேன். யாரும் சந்தேகப்படவில்லை. ஆனா இப்போது யோசித்தால் பயமாக இருக்கிறது. சர்ச் பணமும் என் மொபைல் ரீசார்ஜும் ஒரே அக்கவுன்ட்டில். நாளைக்கு யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால், நான் யோக்கியம் என்று நிரூபிக்க என்னிடம் ஒரு நோட்டைத் தவிர எதுவும் இல்லை. கணக்கு ஒழுங்காக இருப்பது சர்ச்சுக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, பொருளாளருக்கும் அதுதான் பாதுகாப்பு.

பவுல் அப்போஸ்தலரே இதில் உஷாராக இருந்திருக்கிறார். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகச் சபைகளில் திரட்டிய பணத்தைத் தனியாகக் கொண்டு போகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூடவே அனுப்பினார். யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் என்று 2 கொரிந்தியர் 8-ல் அவரே காரணம் சொல்கிறார். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு இன்னும் நேரடியாகச் சொல்கிறது: ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்க வேண்டும் (எண் 537), மக்கள் கொடுத்த பணத்துக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் (எண் 1287).

நடைமுறையில் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

- பணம் சர்ச் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். எடுக்க இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று வாலிபர் பொருளாளருடையது.
- ரொக்கக் காணிக்கையை ஒரே குடும்பத்தைச் சேராத இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.
- பில் கிடைக்காத செலவுக்கு வவுச்சர். ஆட்டோவுக்குக் கொடுத்த நூறு ரூபாயாக இருந்தாலும்.
- முகாம் முடிந்த இரண்டு வாரத்துக்குள் வரவு செலவு நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும். கூடவே ஒரு வரி: எத்தனை பேருக்குக் கட்டணச் சலுகை. பேர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டில் இருந்து பணம் வந்தால் கவனம் தேவை. வெளிநாட்டுப் பங்களிப்பு (ஒழுங்குமுறை) சட்டம், 2010-ன்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புகள்தான் வெளிநாட்டு நன்கொடையை வாங்க முடியும். 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறக்கப்பட்ட கணக்குக்குத்தான் வர வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது.

இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை பார்க்கும் அண்ணன், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. ஆனா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா, கையில் ஓசிஐ கார்டு வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் ஆசையாக அனுப்பும் நூறு டாலரை வாலிபர் பொருளாளரின் சொந்த அக்கவுன்ட்டில் வாங்கி முகாமுக்குச் செலவழித்தால் சிக்கல். அந்தப் பொருளாளர் பெரும்பாலும் காலேஜ் படிக்கும் பிள்ளையாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

"80ஜி ரசீது கிடைக்குமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு: குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்கான அமைப்புகளுக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. அதோடு, புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் 80ஜி கழிவே இல்லை. எனவே வரிக்காகக் கொடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்காகக் கொடுங்கள். கம்பெனியின் சிஎஸ்ஆர் நிதியைக் கேட்கலாமா என்றால், கம்பெனிகள் சட்டம் 2013-ல் உள்ள பட்டியலில் மதப் பணிகள் இல்லை.

ஒருமுறை ஐயாயிரமா, மாசம் இருநூறா?

சம்பாதிக்கும் நம் பங்குக்கு வருவோம். நாம் கொடுக்கும் விதமும் மாற வேண்டும்.

முகாமுக்குப் பத்து நாள் முன்னால் கேட்டு, பத்து நாளில் கொடுப்பதால்தான் பிள்ளைகளால் திட்டமே போட முடிவதில்லை. எவ்வளவு வரும் என்று தெரியாதபோது கட்டணத்தைக் கூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு. அந்தக் கூட்டிய கட்டணம்தான் அந்தத் தம்பியை வாசலில் நிறுத்தியது. 25 பேர் மாசம் ரூ.200 கொடுத்தால் வருஷத்துக்கு ரூ.60,000. மேலே மாதிரிக் கணக்கில் ஸ்பான்சரிடம் கேட்ட ரூ.54,000 அதிலேயே அடங்கிவிடும். இரண்டு பிரியாணி காசு. ஆட்டோ-பே போட்டுவிட்டால் ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

சிறுதுளியின் பலம் தெரிய மிசோரமைப் பாருங்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்துத் திருச்சபைக்குக் கொடுக்கும் 'புஹ்ஃபாய் தாம்' என்ற பழக்கம் அங்கே 1910-ல் தொடங்கியது. பெண்கள் தொடங்கி வைத்த அந்தப் பிடி அரிசி, நூறு வருஷம் தாண்டியும் அங்குள்ள திருச்சபைகளைத் தாங்கும் வருமானங்களில் ஒன்றாக இருக்கிறது. நம்ம ஊரிலும் பாட்டிமார் பிடி அரிசி எடுத்து வைத்தவர்கள்தான். நமக்கு அரிசிப் பானை இல்லை, யுபிஐ இருக்கு.

இன்னொன்று. மாசா மாசம் பணம் வந்தால், மூணு நாள் முகாமோடு வேலை முடியாது. முகாமில் அழுது ஜெபித்துவிட்டு வந்த பிள்ளை, ஜூன் மாசம் எந்த காலேஜ், என்ன கோர்ஸ், கல்விக் கடன் எப்படி வாங்குவது என்று தெரியாமல் நிற்கும்போது அவனோடு உட்கார ஒரு ஆள் வேண்டும். அதற்கு ஆகும் செலவு டீக்காசும் பஸ் காசும்தான். அந்த ஆளாக நீங்களே இருக்கலாம். பட்ஜெட்டைக் கூகுள் ஷீட்டில் போட்டுக் கொடுக்கலாம், ரெஸ்யூமே எழுதச் சொல்லித் தரலாம். ஐயாயிரம் ரூபாயைவிட ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சில பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

அந்த ஒரு கேள்வி

இந்த வருஷமும் மெசேஜ் வந்தது. இப்போதைய பொருளாளர் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும் ஒரு தங்கச்சி. பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டேன்: "கட்டணம் கட்ட முடியாதவங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்கமா?"

ரொம்ப நேரம் 'டைப்பிங்' என்றே காட்டியது.

"அப்படி ஒரு வரியே இல்லையேக்கா."

நாங்களும் எழுதியதில்லை, அதனால் அவளுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அந்தத் தம்பியின் கதையை, பேர் சொல்லாமல், வாய்ஸ் நோட்டில் சொன்னேன். மறுநாள் காலையில் ஒரு போட்டோ வந்தது. நோட்டுப் புத்தகத்தில் பட்ஜெட். டி-ஷர்ட் என்ற வரியைக் கோடு போட்டு அடித்திருந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, புதிதாக ஒன்று எழுதியிருந்தாள்: 'கட்டணச் சலுகை – 10 பேர் – ரூ.8,000.'

பணத்தை அனுப்பிவிட்டேன். இந்த முறை ஸ்க்ரீன்ஷாட் போடவில்லை.